வர்க்கமூலச் சுருக்கம்: ஒரு கணக்குக்கு மாடுலஸ் வேண்டாம், இன்னொன்றுக்கு வேண்டுமாம். எப்படி?

மீனா, ரோஸ் ஹில்

எல்லோருக்கும் வணக்கம். மகன் கிரேடு 11 படிக்கிறான். இந்த வருஷக் கடைசியில் எஸ்.சி. தேர்வு (இங்கே மொரீஷியஸில் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு), கூடுதல் கணிதமும் எடுத்திருக்கிறான். வீட்டுப்பாட நோட்டு சிவப்பு மையோடு திரும்பி வந்திருக்கிறது. நான் படித்ததோடு இதையெல்லாம் மறந்துவிட்டேன், அதனால் இங்கே கேட்கிறேன். தெரியாத எண்ணுக்கு க என்று போடுகிறேன்.

முதல் கணக்கு: √75க³ − 2க√12க + 3√27க³. அவன் விடை 10க√3க. முழு மார்க்.

இரண்டாவது: √க² − 6க + 9. அவன் விடை க − 3. பாதி மார்க்தான். பக்கத்தில் "மாடுலஸ் எங்கே?" என்று எழுதியிருக்கிறது. மாடுலஸ் என்றால் எண்ணின் எதிர்மறைக் குறியை நீக்கிவிடும் | | கோடுகளாம்.

மூன்றாவது: 4 / (√7 − √3). அவன் கணக்குப்பொறியில் தட்டி 4.378 என்று எழுதிவிட்டான். பூஜ்யம்.

முதல் கணக்கிலும் மூலத்துக்குள் இருந்த க வெளியே வந்திருக்கிறது. அங்கே யாரும் மாடுலஸ் கேட்கவில்லை. இரண்டாவதில் மட்டும் ஏன்? பையன் வகுப்பில் கேட்டதற்கு "அது அப்படித்தான்" என்று பதில் வந்ததாம்.

வாத்தியார், கத்ர் போர்ன்

மீனா அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். இங்கே எழுதும்போது அடைப்புக்குறி போடுங்கள். நோட்டில் மூலக்குறியின் மேல்கோடு எதுவரை நீள்கிறதோ அதுவரை உள்ளே என்று கண்ணுக்குத் தெரியும். தட்டச்சில் அந்தக் கோடு கிடையாது. √க + 7 என்றால் ஏழு வெளியே, √(க + 7) என்றால் உள்ளே. ருடால்ஃப் என்ற ஜெர்மானியர் 1525இல் √ குறியை அச்சில் கொண்டுவந்தபோது அதற்கு மேல்கோடு இல்லை. டெகார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1637இல்தான் கோட்டைச் சேர்த்தார். இடைப்பட்ட நூறு வருஷமும் ஆட்கள் நம்மைப் போலத்தான் திண்டாடியிருக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலாவதில் ஒவ்வொரு மூலத்துக்குள்ளும் இருக்கும் பெரிய முழு வர்க்கத்தைப் பிரித்தெடுக்க வேண்டும்.

√(75க³) = √(25க² × 3க) = 5க√(3க)
2க√(12க) = 2க × 2√(3க) = 4க√(3க)
3√(27க³) = 3 × 3க√(3க) = 9க√(3க)

மூன்றிலும் √(3க) ஒன்றே என்பதால் 5 − 4 + 9, ஆக 10க√(3க). பையன் செய்தது சரி. மூலத்துக்குள் வேறு வேறாக இருந்தால் கூட்டவோ கழிக்கவோ முடியாது. உள்ளே ஒன்றாகும்வரை உடைத்துக்கொண்டே போகவேண்டும், அவ்வளவுதான் அந்த வித்தை.

இப்போது உங்கள் கேள்வி. முதல் கணக்கில் √(3க) இருக்கிறது. க எதிர்மறை என்றால் அந்த மூலமே கிடையாது. அதாவது க பூஜ்யம் அல்லது நேர்மறை என்பதைக் கணக்கு தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்புறம் மாடுலஸ் எதற்கு?

இரண்டாவதில் அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. க² − 6க + 9 என்பது (க − 3)². எந்த எண்ணைப் போட்டாலும் இது எதிர்மறை ஆகாது. க = 1 என்று போட்டுப் பாருங்கள். உள்ளே 1 − 6 + 9 = 4. மூலம் 2. உங்கள் மகன் விடையில் போட்டால் 1 − 3 = −2. மூலக்குறி எப்போதும் எதிர்மறையல்லாத மூலத்தைத்தான் குறிக்கும். ஆகவே விடை |க − 3|. பாதி மார்க் கொடுத்ததே தாராளம்.

சும்மா ஒருத்தன்

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் காலத்தில் √(க²) = க என்று எழுதித்தான் எல்லோரும் பாஸ் பண்ணினோம். மாடுலஸ் என்பது பிள்ளைகளை மிரட்ட ஒரு கம்பு. கேள்வித்தாளில் "க > 3" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் தீர்ந்துபோகும் விஷயம். எழுதாமல் விட்டது கேள்வி போட்டவர் குறை.

எபேன் கோடர்

சும்மா ஒருத்தன் அவர்களே, உங்கள் முறைப்படி 4ம் 5ம் ஒன்று என்று நிரூபிக்கிறேன், சம்பளம் வாங்கும்போது உதவும்.

16 − 36 = 25 − 45. இரண்டு பக்கமும் −20, சரிதானே?
இரண்டு பக்கமும் 81/4 கூட்டுங்கள்.
16 − 36 + 81/4 = 25 − 45 + 81/4
இடப்பக்கம் (4 − 9/2)², வலப்பக்கம் (5 − 9/2)².
மூலம் எடுத்தால் 4 − 9/2 = 5 − 9/2.
ஆக 4 = 5.

எந்த வரியில் திருட்டு நடந்தது என்று சொல்லுங்கள்.

சும்மா ஒருத்தன்

மூலம் எடுத்த வரியில்தான். 4 − 9/2 = −1/2. சரி சரி, புரிகிறது. ஆனாலும் கேள்வியில் நிபந்தனை போடவேண்டும் என்ற என் கட்சியை விடமாட்டேன்.

ரெதுய் மாணவி

ரெண்டு பேர் சொல்வதும் பொருந்தும். பல பாடப்புத்தகங்களில் பயிற்சியின் தலையிலேயே "எழுத்துகள் எல்லாம் நேர்மறை எண்கள்" என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை. அந்த வரி இருந்தால் மாடுலஸ் தேவையில்லை, இல்லாவிட்டால் தேவை. மீனா அக்கா, மகனைப் பயிற்சியின் தலைப்பு வரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் எச்.எஸ்.சி. (எஸ்.சி.க்கு அடுத்த மேல்நிலைச் சான்றிதழ்) படிக்கும்போது பயன்படுத்திய அடையாளம் ஒன்று: உள்ளே இரட்டைப்படை அடுக்கு, வெளியே வரும்போது ஒற்றைப்படை அடுக்கு என்றால் மாடுலஸ் போடு.

√(க²) = |க|. உள்ளே 2, வெளியே 1.
√(க⁴) = க². வெளியே வந்தது இரட்டைப்படை, அது எப்படியும் எதிர்மறை ஆகாது.
√(க⁶) = |க³|. உள்ளே 6, வெளியே 3.
√(க³) = க√க. உள்ளேயே ஒற்றைப்படை, அதனால் வாத்தியார் ஐயா சொன்ன கட்டுப்பாடு தானாக வந்துவிடுகிறது.

எழுத்து இரண்டு இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். √(50க²ப) என்றால் ப எதிர்மறையாக இருக்க முடியாது, ஆனால் க எதுவாகவும் இருக்கலாம். விடை 5|க|√(2ப).

மீனா, ரோஸ் ஹில்

இந்த இரட்டைப்படை ஒற்றைப்படை விஷயத்தைப் பையனிடம் காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டான். அடைப்புக்குறியும் இனிமேல் போடுகிறேன் ஐயா. மூன்றாவது கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே? 4.378 என்பது தவறான விடையா? கணக்குப்பொறி பொய் சொல்லுமா?

வாத்தியார், கத்ர் போர்ன்

பொறி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டது. 4.378 தோராயம், கேட்டது துல்லியமான மதிப்பு. தாளில் "கணக்குப்பொறி இல்லாமல், செய்முறை முழுவதும் காட்டி" என்று எழுதியிருக்கும், நோட்டைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் தாள்களில் இது வாடிக்கையான வாசகம்.

பகுதியில் இருக்கும் √7 − √3க்கு இணை √7 + √3. மேலும் கீழும் அதனால் பெருக்கவேண்டும்.

4(√7 + √3) / ((√7 − √3)(√7 + √3))
கீழே 7 − 3 = 4
மேலே இருக்கும் 4ம் கீழே இருக்கும் 4ம் அடிபட்டு √7 + √3.

கணக்கு போட்டவர் வேண்டுமென்றே 4 வைத்திருக்கிறார், கடைசியில் சுத்தமாக வரட்டும் என்று. பிள்ளைகள் தடுமாறும் இடம் இணையைத் தேர்ந்தெடுப்பது. கீழே இருப்பதையே எடுத்து (√7 − √3) என்று மேலும் கீழும் பெருக்குவார்கள். அப்போது கீழே 10 − 2√21 வரும், மூலம் அப்படியே உட்கார்ந்திருக்கும். நடுவில் இருக்கும் குறியை மாற்றினால்தான் (அ − ஆ)(அ + ஆ) = அ² − ஆ² வேலை செய்யும்.

சும்மா ஒருத்தன்

மறுபடியும் நான்தான். பகுதியில் மூலம் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்? 1/√2 என்று எழுதினாலும் √2/2 என்று எழுதினாலும் எண் ஒன்றுதானே? இதற்கு மார்க் வெட்டுவது அநியாயம்.

வாத்தியார், கத்ர் போர்ன்

1/√2 என்று தனியாக எழுதினால் நான் வெட்டமாட்டேன். ஆனால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். கணக்குப்பொறி இல்லாத காலத்தில் √2 = 1.41421356 என்று அட்டவணையில் கிடைக்கும். 1 ÷ 1.41421356 என்பதை நெடுவகுத்தலில் போட்டுப் பாருங்கள், தாள் போதாது. 1.41421356 ÷ 2 என்றால் 0.70710678, மனக்கணக்கு. அதனால்தான் மூலத்தை மேலே ஏற்றினார்கள்.

இன்றைக்கு வேறு காரணம் இருக்கிறது. விடைகளை ஒப்பிட ஒரு பொது உருவம் வேண்டும். ஒரு பிள்ளை 2/(3 − √7) என்று விடுகிறான், இன்னொருத்தி 3 + √7 என்று விடுகிறாள். இரண்டும் ஒன்றா என்று பார்த்தவுடன் தெரியுமா? இரண்டும் ஒன்றுதான். எல்லோரும் அ + ஆ√இ என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் சண்டையே இல்லை. கூட்டவும் கழிக்கவும் அந்த வடிவம்தான் கைகொடுக்கும்.

தேர்வில் வரும் மாதிரி ஒன்று சொல்கிறேன். ஒரு செவ்வகத்தின் பரப்பு 13 + 7√3, ஒரு பக்கம் 2 + √3. மற்றப் பக்கம் என்ன? (13 + 7√3) / (2 + √3). மேலும் கீழும் 2 − √3ஆல் பெருக்கினால் கீழே 4 − 3 = 1. மேலே 26 − 13√3 + 14√3 − 21 = 5 + √3. இங்கே இணை தெரியாதவன் ஒரு அடிகூட நகர முடியாது.

எபேன் கோடர்

நான் தலைகீழாக ஒன்று சொல்லப்போகிறேன். எங்கள் வேலையில் பல நேரம் பகுதியில் இருந்து மூலத்தை எடுப்பதில்லை, தொகுதியில் இருந்து எடுத்துப் பகுதிக்குள் தள்ளுகிறோம்!

√10001 − √10000 எவ்வளவு? ஆறு இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் பொறி என்று நினைத்துக்கொள்ளுங்கள். √10001 அதில் 100.005 என்று நிற்கும். 100ஐக் கழித்தால் 0.005. மீதி இலக்கமெல்லாம் காணாமல் போய்விட்டது. இதையே

√(க + 1) − √க = 1 / (√(க + 1) + √க)

என்று மாற்றினால் 1 ÷ 200.005 = 0.00499988. அதே ஆறு இலக்கப் பொறி, ஆனால் ஆறு இலக்கமும் சரி. கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது இலக்கங்கள் கரைந்துவிடும் என்பது கணினிக்காரர்களுக்குப் பழைய தலைவலி. மருந்து இந்த இணைதான்.

ஆக "மூலம் கீழே இருக்கக் கூடாது" என்று சட்டம் ஒன்றும் இல்லை. எந்த வேலைக்கு எந்த உருவம் வசதியோ அதுதான் சுருக்கிய உருவம். தேர்வில் மட்டும் கேட்டதைக் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

ரெதுய் மாணவி

கோடர் அண்ணா சொன்னதையேதான் வகைநுண்கணிதத்திலும் செய்கிறோம். (√(4 + ஹ) − 2) / ஹ என்பதில் ஹ பூஜ்யத்தை நெருங்கினால் என்ன? நேராகப் போட்டால் 0/0. இணையால் பெருக்கினால் மேலே வெறும் ஹ மிஞ்சி அடிபட்டுப்போகும், 1 / (√(4 + ஹ) + 2) நிற்கும். எல்லை 1/4. மகன் எச்.எஸ்.சி.க்குப் போகும்போது இது வரும்.

இந்த இணையை வைத்து எனக்குப் பிடித்த கணக்கு:

1/(1 + √2) + 1/(√2 + √3) + 1/(√3 + √4) + … + 1/(√99 + √100)

ஒவ்வொன்றும் √2 − 1, √3 − √2, √4 − √3 என்று உடையும். ஒன்றில் கூட்டல், அடுத்ததில் கழித்தல், வரிசையாக அடிபட்டுக் கடைசியில் 10 − 1 = 9. தொண்ணூற்றொன்பது பின்னங்கள், எல்லாவற்றிலும் விகிதமுறா எண், கூட்டினால் சாதாரண ஒன்பது.

மூலைமட்டம், பிளாக்

படித்தவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் கட்டட வேலை. பந்தல், கூரை, காவடிச் சட்டம் எல்லாம் போடுவேன். சதுரச் சட்டத்துக்குக் குறுக்குக் கட்டை வேண்டுமானால் பக்கத்தை 1.414ஆல் பெருக்குவோம். செவ்வகம் என்றால் என் அப்பா சொன்ன ஒரு வாய்க்கணக்கு: நீளப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர். குறுக்கு நீளம் வந்துவிடும். மூலமே வேண்டாம். 3, 4 போட்டால் 4 − ½ + 1½ = 5. சரியாக வருகிறதே? அப்படியானால் √(அ² + ஆ²) என்பதை இப்படி மூலம் இல்லாமல் சுருக்கலாம் அல்லவா?

எபேன் கோடர்

அண்ணே, இது இணையத்தில் செய்யுளாகவே சுற்றுகிறது, தமிழர்கள் வர்க்கமூலம் இல்லாமலே கண்டுபிடித்தார்கள் என்று. 5, 12 போட்டாலும் 12 − 1½ + 2½ = 13, அச்சு அசலாக வரும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்கிவிடுகிறார்கள். 8, 15 போடுங்கள்: 15 − 1.875 + 4 = 17.125. உண்மையில் 17. 7, 24 போட்டால் 24.5 வரும், உண்மை 25. சதுரம் என்றால் பக்கம் 1க்கு 1.375தான் வரும், நீங்கள் பயன்படுத்தும் 1.414 எங்கே?

மூலைமட்டம், பிளாக்

ஒரு மீட்டர் பக்கத்துக்கு நாலு சென்டிமீட்டர் குறையுமா? அப்படிக் கட்டை வெட்டினால் ஆணி அடிக்க முனை மிஞ்சாது. சதுரத்துக்கு நான் 1.414தான், செவ்வகத்துக்கும் இனிமேல் கைப்பேசியில் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

வாத்தியார், கத்ர் போர்ன்

மூலைமட்டம் தம்பி நல்ல இடத்தைத் தொட்டார். அந்த வாய்க்கணக்கு தோராயம் என்ற அளவில் நல்ல தோராயம்தான், அவசரத்துக்கு உதவும். தோராயத்தைத் தோராயம் என்று தெரிந்தே பயன்படுத்தியவர்களும் உண்டு. சுல்ப சூத்திரங்கள் என்ற பழைய வேள்விமேடை நூல்களில் √2க்கு 1 + 1/3 + 1/12 − 1/408 என்று கொடுத்திருக்கிறது. கூட்டினால் 577/408, அதாவது 1.414215… ஐந்து தசம இடம் சரியாக இருக்கிறது. வேள்விக்குச் செங்கல் அடுக்க அது தாராளமாகப் போதும்.

ஆனால் √(அ² + ஆ²) இயற்கணிதத்தில் சுருங்காது. பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். √(க² + 16) = க + 4 என்று எழுதிவிடுவார்கள். க = 3 என்று போட்டால் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 7. பெருக்கலுக்குள் மூலம் நுழையும், கூட்டலுக்குள் நுழையாது. √(16க²) = 4|க| சரி, √(க² + 16) அப்படியே நிற்கவேண்டும். √2 + √3 என்பதை √5 ஆக்குவதும் இதே தவறுதான். வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 2 + 3 + 2√6. நடுவில் அந்த 2√6 எங்கே போகும்? (√2 + √3 = 3.146… π-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அது வேறு வேடிக்கை.)

முப்பது வருஷத்துக்கு மேல் தாள் திருத்தியவன் சொல்கிறேன், சந்தேகம் வந்தால் ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த பரிசோதனை கிடையாது. 0, 1 மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது, அவை பல தவறுகளை மூடி மறைத்துவிடும். √(க² + 16) = க + 4 என்பதில் க = 0 போட்டால் 4 = 4 என்று சரியாக வந்து ஏமாற்றும்.

சும்மா ஒருத்தன்

இதை ஒப்புக்கொள்கிறேன். என் தங்கை மகள் √(க + 7) − √க = 1 என்ற சமன்பாட்டை √7 = 1 என்று ஆக்கிவிட்டு "விடை இல்லை" என்று எழுதினாள். உண்மையில் விடை உண்டா?

ரெதுய் மாணவி

உண்டு. ஒரு மூலத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு வர்க்கப்படுத்தவேண்டும். √(க + 7) = 1 + √க. வர்க்கப்படுத்தினால் க + 7 = 1 + 2√க + க. க அடிபட்டு √க = 3, க = 9. போட்டுப் பார்த்தால் 4 − 3 = 1.

வர்க்கப்படுத்தினால் கடைசியில் கட்டாயம் போட்டுப் பார்க்கவேண்டும். √(2க + 3) = க என்பதில் க² − 2க − 3 = 0, க = 3 அல்லது −1. ஆனால் −1ஐப் போட்டால் இடப்பக்கம் √1 = 1, வலப்பக்கம் −1. பொய்யான தீர்வு. கோடர் அண்ணாவின் 4 = 5 மாதிரியே, வர்க்கம் குறியைத் தின்றுவிடுகிறது.

மீனா, ரோஸ் ஹில்

இந்த இழையைப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். தால்பூரி ஆறிக்கொண்டிருக்கிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். அவன் கேட்கிறான்: மூலத்துக்குள் மூலம் வந்தால் என்ன செய்வது? √(7 + 4√3) என்று ஒன்று பயிற்சியில் இருக்கிறதாம்.

வாத்தியார், கத்ர் போர்ன்

4√3ஐ 2√12 என்று எழுதச் சொல்லுங்கள். முன்னால் 2 கட்டாயம் வேண்டும். இப்போது √(7 + 2√12). கூட்டினால் 7, பெருக்கினால் 12 வரும் இரண்டு எண்கள்? 4ம் 3ம். ஆகவே √4 + √3, அதாவது 2 + √3. வர்க்கப்படுத்திச் சரிபார்க்கலாம்: 4 + 3 + 4√3.

எல்லாவற்றுக்கும் இது நடக்காது. √(5 + 2√3) என்றால் கூட்டினால் 5, பெருக்கினால் 3 வரும் முழு எண்கள் இல்லை. அது அப்படியே இருக்கட்டும்.

கழித்தல் வரும்போது மாடுலஸ் மறுபடி எட்டிப்பார்க்கும். √(4 − 2√3): கூட்டினால் 4, பெருக்கினால் 3, எண்கள் 3ம் 1ம். √3 − 1 என்று எழுதவேண்டும், 1 − √3 என்று எழுதினால் எதிர்மறை ஆகிவிடும். பெரியது முன்னால்.

பையனுக்கு ஒன்று கொடுக்கிறேன்: √(11 − 6√2). அதை முடித்தால் அடுத்து எழுத்து வைத்தது: √(க + 1 − 2√க).

மீனா, ரோஸ் ஹில்

வணக்கம் ஐயா, நான் மகன், அம்மா கணக்கிலிருந்து எழுதுகிறேன்.

6√2 = 2√18. கூட்டினால் 11, பெருக்கினால் 18: 9, 2. விடை 3 − √2. 3 பெரியது, அதனால் மாடுலஸ் தேவையில்லை.

இரண்டாவதில் கூட்டினால் க + 1, பெருக்கினால் க. எண்கள் க, 1. ஆக |√க − 1|. எது பெரியது என்று தெரியாது, அதனால் மாடுலஸை எடுக்க முடியாது. க ≥ 1 என்றால் √க − 1, 0 ≤ க < 1 என்றால் 1 − √க.

சும்மா ஒருத்தன்

தம்பி என்னைவிடத் தெளிவாக இருக்கிறான். நான் மாடுலஸ் கட்சிக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன்.

எபேன் கோடர்

யோசிக்க உங்களுக்கும் ஒன்று, தம்பிக்கும் ஒன்று. ஒரே கணக்கு:

√(க + 3 − 4√(க − 1)) + √(க + 8 − 6√(க − 1))

க = 5, 7, 10 என்று போட்டுப் பாருங்கள், அப்புறம் க = 17 போடுங்கள். ஏதோ விசித்திரம் தெரியும். காரணத்தோடு எழுதவேண்டும்.

மூலைமட்டம், பிளாக்

கைப்பேசியில் போட்டேன். 5க்கு 1, 7க்கும் 1, 10க்கும் 1. 17க்கு 3. இது என்ன மாயம்?

மீனா, ரோஸ் ஹில்

மகன்தான். √(க − 1)ஐ த என்று வைத்தேன். அப்போது க = த² + 1.

முதல் மூலத்துக்குள் த² + 4 − 4த = (த − 2)².
இரண்டாவதுக்குள் த² + 9 − 6த = (த − 3)².

ஆக மொத்தம் |த − 2| + |த − 3|. த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்தால் (த − 2) + (3 − த) = 1, த எதுவானாலும் சரி. த 2 என்றால் க 5, த 3 என்றால் க 10. அதனால்தான் 5 முதல் 10 வரை எப்போதும் 1.

க பத்துக்கு மேல் போனால் 2த − 5. 17 போட்டால் த = 4, விடை 3, மூலைமட்டம் மாமா சொன்னது சரி. க ஐந்துக்குக் கீழே, 1 வரை, 5 − 2த. ஒன்றுக்குக் கீழே √(க − 1) கிடையாது.

மாடுலஸ் போடாமல் செய்தால் எல்லா இடத்திலும் 2த − 5 என்று வரும். 5 போட்டால் −1. இரண்டு வர்க்கமூலத்தைக் கூட்டி −1 வராது.

வாத்தியார், கத்ர் போர்ன்

முழு மார்க். தேர்வுத் தாளில் எழுதும்போது த ≥ 0 என்று முதல் வரியிலேயே எழுதிவிடு தம்பி, திருத்துபவர் கண்ணில் படும்.